ஊதச் சொன்னார்கள், பூஜ்யம் வந்தது

சிலர் மன்னிப்பு கேட்கும்போது அதை வாங்கிக்கொள்ள மனசு வருவதில்லை. என் சித்தியிடம் அப்படிக் கேட்டவர்கள் நிறையப் பேர். வார்த்தைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். "தப்பா நெனச்சிக்காதக்கா. புள்ளைக்கு இப்பிடி ஒரு வியாதின்னு நாங்க இன்னாத்தக் கண்டோம்? தண்ணி போட்டுக்கினு சுத்தறான்னுல்ல நெனச்சோம்." சித்தி அங்கேயே உருகி, சொன்னவர் கையைப் பிடித்து உள்ளே கூப்பிட்டு டீ போட்டுக் கொடுப்பார். அவருக்கு அது பெரிய ஆறுதல். பிள்ளை பேரில் இருந்த கறை போயிற்று. எனக்கு மட்டும் அந்தப் பேச்சில் ஏதோ ஒன்று நெருடிக்கொண்டே இருக்கும். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, மனசாரத்தான் கேட்கிறார்கள். அப்புறம் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று ரொம்ப நாள் பிடிபடவே இல்லை. இப்போதும் முழுசாகப் பிடிபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். எழுதிப் பார்த்தால் தெரியலாம்.

சித்தி பையனை வீட்டில் சின்னா என்று கூப்பிடுவோம். நிஜப் பெயர் இங்கே வேண்டாம். அவனுக்கு வந்திருப்பது வில்சன் நோய். உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகிற, பெற்றோர் வழியாக வருகிற ஒரு நோய். 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கேட்கும்போது நமக்கு எங்கே வரப்போகிறது என்றுதான் தோன்றும். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படியே சுமார் 67 லட்சம். வகுத்துப் பாருங்கள், இந்த ஊருக்குள் மட்டும் இருநூறு பேருக்கு மேல் வருகிறது. அதில் எத்தனை பேருக்கு நோயின் பெயர் கிடைத்திருக்கும், எத்தனை பேருக்குத் தெருவில் வேறு பெயர் கிடைத்திருக்கும் என்பதுதான் என் கவலை. அரிய நோய் என்றாலே யாருக்கும் பெயர் தெரியாத நோய் என்று நினைக்கிறோம். சின்னா விஷயத்தில் தெருவுக்கு ஒரு நிமிஷம்கூடக் குழப்பம் இல்லை. பார்த்ததும் பெயர் சொன்னார்கள்: மப்பு.

கேரம் போர்டில்தான் முதலில்

காசிமேட்டிலிருந்து தண்டையார்பேட்டை போகிற வழியில், பெரிய லாரி நுழைய முடியாத ஒரு சந்தில் சித்தி வீடு. சந்து முனையில் தகரக் கூரை போட்ட கேரம் கிளப். எங்கள் பக்கத்தில் கேரத்துக்கு இருக்கிற மரியாதையை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். மரியா இருதயம் 1996இல் கேரத்துக்காக அர்ஜுனா விருது வாங்கிய சென்னை இது. 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா, புது வண்ணாரப்பேட்டைக்காரர். சின்னாவும் ஆடுவான், சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை, மாவட்டப் போட்டி வரைக்கும் போனவன். ஆள்காட்டி விரலால் ஸ்ட்ரைக்கரை அவன் சுண்டினால் சத்தமே வராது. காய் மட்டும் போய் விழும்.

ஒருநாள் அந்த ஸ்ட்ரைக்கர் சத்தம் போட ஆரம்பித்தது. கோட்டின் மேல் வைத்து, மூன்று விரலைப் பலகையில் ஊன்றி, குறி பார்க்கிற அந்த நேரத்தில் விரல் நடுங்கி, நகம் ஸ்ட்ரைக்கரைத் தொட்டுத் தொட்டு டக் டக்கென்று தட்டும். போர்டில் தூவியிருக்கிற போரிக் பவுடரில் அந்த நடுக்கம் சின்னச் சின்னக் கீறலாக விழுவதை நானே பார்த்திருக்கிறேன். எதிரில் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "இன்னா மச்சான், காலைலயே ஏத்திக்கினியா?" சின்னாவும் சிரித்துவிட்டு ஆடினான். தொட்டுவிட்டாய், ஃபவுல் என்று இரண்டு முறை மைனஸ் வைத்தார்கள். அந்த வாரமே கிளப்புக்குப் போவதைக் குறைத்துக்கொண்டான்.

அடுத்து நாக்கு குழறியது. வார்த்தையின் கடைசி எழுத்து வருவதற்குள் அடுத்த வார்த்தை ஏறிக்கொள்ளும். வாயோரம் எச்சில் வழிவது அவனுக்கே தெரியாது. அதன் பிறகு கையெழுத்து. கன்டெய்னர் யார்டில் பெட்டி நம்பர் பார்த்து எழுதுகிற வேலை அவனுக்கு. எழுத்து வரவரச் சுருங்கி, கடைசியில் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. யார்டில் யாரும் டாக்டரைப் பார் என்று சொல்லவில்லை. குடித்துவிட்டு டூட்டிக்கு வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சந்தில் நடந்தால் லேசாகத் தள்ளாடுவான். பகல் பன்னிரண்டு மணிக்கு டாஸ்மாக் திறக்கிற ஊரில், பன்னிரண்டரைக்குத் தள்ளாடி நடக்கிற இருபத்து மூன்று வயசுப் பையனைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்கள்?

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சின்னாவின் அப்பா நிஜமாகவே குடித்தவர். சித்திக்கு அவர் தாய்மாமன், அதாவது என் பாட்டியின் கூடப்பிறந்த தம்பி. முறைப்படி எனக்குத் தாத்தா ஆக வேண்டும், நான் கூப்பிட்டது சித்தப்பா. நல்ல மனுஷன், துறைமுகத்தில் கூலி வேலை, சம்பள நாளில் வீடு வந்து சேர மாட்டார். தெரு அவரை இருபது வருஷம் பார்த்திருக்கிறது. அவர் செத்து நாலு வருஷம் கழித்து மகன் தள்ளாட ஆரம்பித்ததும் எல்லாருக்கும் கதை சுலபமாகப் பொருந்திவிட்டது. அப்பன் வழி. சித்திக்கும் பொருந்திவிட்டது என்பதுதான் கொடுமை. அவன் சட்டையை மோந்து பார்ப்பார், தலையணைக்கு அடியில் தேடுவார், ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததையே, ரொம்ப சாமர்த்தியமாக ஒளித்து வைக்கிறான் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்.

பூஜ்யம்

நான் அங்கே இல்லை. சித்தியும் சின்னாவும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சித்திக்குச் சாயங்காலத்தில் மீன் வறுவல் கடை. கடை கட்டியதும் சின்னாதான் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பாத்திரங்களையும் சித்தியையும் ஏற்றிக்கொண்டு வருவான். அன்று திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தடுப்பு போட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் பதில் சொன்ன லட்சணத்திலேயே, இறங்கு என்று சொல்லிவிட்டார்கள்.

சித்தி செய்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. மெஷினைக் கொண்டுவருவதற்கு முன்பே அவர் கும்பிட ஆரம்பித்துவிட்டார். "வுட்ருங்க சார், இன்னிக்கி ஒரு நாளு மன்னிச்சிருங்க, நான் புத்தி சொல்றேன், இனிமே குடிக்க மாட்டான்." சின்னா பக்கத்தில் நின்று, குடிக்கவில்லை என்று குழறிக்கொண்டிருக்கிறான். அம்மா மகனுக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுகிறார். ஊதச் சொன்னார்கள். ஊதினான். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கேஸ். மெஷினில் வந்தது பூஜ்யம்.

மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, குழாயை மாற்றி, மறுபடி ஊதச் சொன்னார்கள். உதட்டைக் குவித்து ஊதவே அவனுக்குச் சிரமம், பாதிக் காற்று பக்கவாட்டில் போய்விட்டது. நன்றாக ஊதுடா என்று பிடரியில் ஒரு தட்டு. மறுபடியும் பூஜ்யம். அப்போது சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. சட்டைப் பையில் கையை விட்டார்கள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்ட்ரைக்கர், கூடவே ஒரு வெள்ளைப் பவுடர் பொட்டலம். கிளப்புக்குப் போவதை விட்டும்கூட அந்த இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறான் பையன். அது போரிக் பவுடர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கிளப்பில் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை போனில் பிடித்து, அவர் லுங்கியோடு ஓடிவந்து, பொட்டலத்தை வாங்கிக் கீழே கொட்டி, செருப்பால் தேய்த்துக் காட்டி, வழுக்குது பாருங்க சார் என்று விளக்கம் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப்போவதில்லை. ஏனென்றால் அங்கே இருந்த வயசான கான்ஸ்டபிள் ஒருவர்தான் முதன்முதலாகச் சரியான வார்த்தையைச் சொன்னவர். "குடிச்சிருந்தான்னாகூடப் பரவால்லம்மா. குடிக்காமயே இப்பிடி இருக்கான்னா நீ ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டினு போவணும்."

அந்தப் பூஜ்யம் சித்திக்கு நிம்மதி கொடுத்திருக்கும் என்று நினைப்பீர்கள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைக்கூட இறக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டார். நிஜமாவே குடிக்கலையாடா என்று கேட்டாராம். "எத்தினி தபாமா சொல்றது" என்றானாம் அவன். பின்னாளில் சித்தி என்னிடம் சொன்னார், குடிக்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தவரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது என்று. குடிகாரனை வைத்துக் குடும்பம் நடத்த அவருக்குத் தெரியும். எப்போது திட்ட வேண்டும், எப்போது சோறு போட வேண்டும், சம்பளப் பணத்தை எங்கே ஒளித்து வைக்க வேண்டும், எல்லாம் அத்துப்படி. பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு வினோத வியாதியும் உலகத்தில் உண்டு. சிலருக்குக் குடலில் இருக்கும் ஈஸ்ட், தின்ற சோற்றையும் ரொட்டியையும் புளிக்கவைத்துச் சாராயமாக்கிவிடும். ஒரு சொட்டு குடிக்காமலே மெஷினில் எண் ஏறும். 2024இல் பெல்ஜியத்தில் இப்படிப்பட்ட ஒருவரைக் குடிபோதையில் வண்டி ஓட்டிய வழக்கிலிருந்து நீதிமன்றம் விடுவித்தது. அவருக்கு மெஷின் எதிரி, டாக்டர் சாட்சி. சின்னாவுக்கு மெஷின் சாட்சி சொல்லியும் யாரும் கேட்கவில்லை. நிதானம் தவறாமல் நடப்பதும் திருத்தமாகப் பேசுவதும்தான் யோக்கியதைக்கு அத்தாட்சி என்று நாம் எல்லாரும் எப்போது முடிவு செய்தோமோ தெரியவில்லை. சிறுமூளை தேய்கிற அட்டாக்சியா வகை நோய்க்காரர்கள், உடம்பு தானாக ஆடும் ஹன்டிங்டன் நோய்க்காரர்கள் என்று இந்த அத்தாட்சி கிடைக்காத கூட்டம் ஒன்று இருக்கிறது.

கண்ணுக்குள் ஒரு வளையம்

அரசு மருத்துவமனையில் நரம்பியல் ஓபியில் சின்னாவின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்த டாக்டர், ஈரலுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிவிட்டு, கண் டிபார்ட்மென்ட்டுக்குப் போகச் சொன்னார். கை நடுங்குகிறவனைக் கண்ணைக் காட்டச் சொல்கிறாரே என்று சித்திக்கு அவர்மேல் சந்தேகம். அங்கே மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, இருட்டில், கீற்று மாதிரி ஒரு வெளிச்சத்தைக் கண்ணில் பாய்ச்சிப் பார்த்த இளம் டாக்டரம்மா, சட்டென்று எழுந்துபோய் மாணவர்களைக் கூட்டிவந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டு ஆஹா என்றார்கள். கருவிழி ஓரத்தில் பழுப்பும் தங்கமும் கலந்த ஒரு வளையம். நம் ஊர்க் கண்கள் ஏற்கெனவே அடர்ந்த பழுப்பு, அதனால் வெறும் கண்ணுக்கு அது லேசில் தெரியாது. விளக்கு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். "நான் இன்னா மியூசியமா?" என்று சின்னா அங்கே முனகினாலும், அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னபோது அவன் குரலில் கோபம் இல்லை. ஒன்றரை வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களையே பார்த்தவனை, பத்துப் பேர் வரிசையில் நின்று ஆசையாகப் பார்த்திருக்கிறார்கள்.

அந்த வளையத்துக்குக் கைசர்–ஃப்ளைஷர் வளையம் என்று பெயர். 1902இலும் 1903இலும் அடுத்தடுத்து அதைக் கண்டு எழுதிய இரண்டு ஜெர்மன் கண் மருத்துவர்களின் பெயர். நோய்க்குப் பெயர் கொடுத்த கின்னியர் வில்சன் லண்டனில் 1912இல் தன் நீண்ட ஆய்வை வெளியிட்டார். மூளையின் அடியில் ஒரு பகுதி அழிவதையும், கூடவே ஈரல் சுருங்கிக் கிடப்பதையும் சேர்த்துப் பார்த்த பெருமை அவருக்கு. ஆனால் கண்ணில் இருந்த வளையத்தை அவர் கவனிக்கவே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரரே விட்டுவிட்டார் என்று ஒருநாள் சின்னாவிடம் சொன்னேன். "கேரம்ல நேர் காய விட்டுட்டு கட் அடிக்கிற ஆளு போல" என்றான்.

செம்பு நம் எல்லார் சாப்பாட்டிலும் இருக்கிறது, கொஞ்சம் வேண்டியும் இருக்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் உள்ளே போகும். வேண்டியது போக மிச்சத்தை ஈரல் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்குத் தள்ளிவிடும். தள்ளுகிற வேலையைச் செய்கிற பம்ப் மாதிரியான ஒரு புரதத்துக்கான மரபணுதான் ஏடிபி7பி, 13ஆம் குரோமோசோமில் இருப்பது, 1993இல் கண்டுபிடித்தார்கள். பம்ப் கெட்டுப்போன வீட்டில் சம்ப் நிரம்பி, வாசல் நனைந்து, கடைசியில் கரண்ட் பெட்டிக்குள் தண்ணீர் போகிற கதைதான். முதலில் ஈரல், அப்புறம் ரத்தம், அப்புறம் கண்ணும் மூளையும். சிலருக்குச் சின்ன வயதில் மஞ்சள் காமாலையாக வந்து ஈரலோடு நின்றுவிடும். சிலருக்குப் பேச்சும் கையும் போகும். சிலருக்குக் குணம் மாறி, சிடுசிடுப்பு, அழுகை, படிப்பில் சரிவு என்று ஆரம்பித்து, சோதிடரிடமும் கோயில் பூசாரியிடமும் பல வருஷம் போய்விடும்.

உறுதி செய்ய, 24 மணி நேரச் சிறுநீரை முழுசாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதில் எவ்வளவு செம்பு என்று பார்ப்பதற்காக. அந்த கேனைக் கட்டைப்பையில் போட்டு ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனார் சித்தி. பக்கத்தில் இருந்த அம்மா, என்ன எண்ணெயா, செக்கில் ஆட்டியதா என்று கேட்டதை இப்போதும் சொல்லிச் சிரிப்போம்.

மருந்து இருக்கிற அரிய நோய் இது. அதுவே பெரிய அதிர்ஷ்டம், பெரும்பாலான அரிய நோய்களுக்கு அதுகூடக் கிடையாது. 1950களில் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய டாக்டர் பாஸ்டனில் வேலை பார்த்தபோது, பெனிசிலின் மருந்து உடம்பில் உடைந்து வரும் பெனிசிலமைன் என்ற பொருளின் ரசாயன அமைப்பை யோசித்து, இது செம்பைப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் வெளியேறிவிடுமே என்று கணக்குப் போட்டார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் தானே சாப்பிட்டுப் பார்த்தார். 1956இல் அதைப்பற்றி வெளியிட்டார். அதுவரை இந்த நோய் வந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் செய்ய முடியாமல் இருந்தது. அந்த மாத்திரைதான் சின்னாவுக்கும், வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், கூடவே பி6 வைட்டமின். ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது. தானாக நிறுத்தியவர்கள் ஈரல் கெட்டுச் செத்திருக்கிறார்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். ஆரம்பத்தில் சிலருக்கு நடுக்கம் கூடும் என்றும் சொன்னார், அப்படியே கூடியது. தேங்கிக் கிடக்கும் செம்பு கிளறப்படுவதால் வருவது அது. அந்தச் சில மாதங்களில் அவனுக்கு டம்ளரைத் தூக்கவே முடியவில்லை. இங்கிலீஷ் மருந்தால்தான் பையன் கெட்டான் என்று சொன்னவர்கள் உண்டு. ஈரலுக்கு நல்லது என்று தாமிர பற்பம் சிபாரிசு செய்த ஒரு புண்ணியவான்கூட உண்டு. தாமிரம் என்றால் எது என்று அவருக்கு நான் சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும்.

சாப்பாட்டில் விலக்க வேண்டியவை எவை தெரியுமா? ஈரல், நண்டு, இறால், கடம்பா என்கிற கணவாய், முந்திரி, காளான், சாக்லேட். காசிமேட்டில் மீன் வறுவல் கடைக்காரி மகனிடம் நண்டும் கடம்பாவும் கூடாது என்கிறார்கள். சாதா மீன் தின்னலாம் என்று சொன்னதில் சித்தி கொஞ்சம் சமாதானமானார். அடுத்த தொல்லை, செம்புக் குடம். நம் ஆட்களுக்கு இப்போது செம்புப் பாத்திரத் தண்ணீர்ப் பித்துப் பிடித்திருக்கிறது. கல்யாணம், கிரகப்பிரவேசம் எங்கே போனாலும் தாம்பூலப் பையில் ஒரு செம்பு பாட்டில். மற்றவர்களுக்கு அதில் பெரிய கெடுதல் இல்லை, குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. சித்தி வீட்டில் மட்டும் வந்த பாட்டில்களில் எல்லாம் இப்போது பரணில் ஸ்க்ரூவும் ஆணியும்.

காணாமல் போன பாதி

இப்போது அந்த மன்னிப்புக்கு வருகிறேன். மருந்து சாப்பிட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு முக்கால்வாசி தெளிந்துவிட்டது, நடை சரியாகிவிட்டது, விரல் நடுக்கம் மட்டும் முழுசாகப் போகவில்லை. நோயின் பெயர் தெரிந்ததும் தெருவில் எல்லாம் தலைகீழாக மாறியது. நாற்காலி போட்டார்கள், டீக்கடையில் காசு வாங்க மாட்டேன் என்றார்கள். கிளப்பில் ஆட்டத்துக்கு நடுவராக உட்காரவைத்தார்கள். தள்ளாடி விழுந்தவன் மேல் ஒருநாள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சிரித்த பையன், அவனே வந்து மாத்திரை வாங்கிவர பைக்கில் கூட்டிப் போகிறான். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் வருத்தப்படுவது எதற்கு? ஆளை மாற்றி அடித்துவிட்டோம் என்பதற்கு. தள்ளாடுகிற ஒருவன் மேல் தண்ணீர் ஊற்றியதற்கு யாரும் வருத்தப்படவில்லை. நிஜக் குடிகாரன் மேல் ஊற்றியிருந்தால் அது சரி என்றுதானே அந்த மன்னிப்புக்கு அர்த்தம்?

இதை நான் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. ஈரல் ஓபியில் சின்னாவோடு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே பெஞ்சில் குடித்து ஈரல் சுருங்கியவர்களும், செம்பு சேர்ந்து ஈரல் சுருங்கியவர்களும் தோளோடு தோள் உரசித்தான் உட்கார்ந்திருப்பார்கள். வயிறு வீங்கி, கால் வீங்கி, எல்லாருக்கும் ஒரே மஞ்சள். குடிக்கு அடிமையாவதையும் உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பாவம் பையன், இன்னொருவருக்கு நாலு திட்டு. சீட்டு கொடுக்கிறவர் சின்னாவையும் ஒருமுறை குடிக்காதே என்றால் கேட்கிறாயா என்று ஆரம்பித்து, ஃபைலைப் பார்த்ததும் குரலை மாற்றினார். பக்கத்திலிருந்த பெரியவருக்குக் குரல் மாறவில்லை.

சித்தி ஒரு அட்டை தயார் செய்தார். தமிழிலும் இங்கிலீஷிலும் டைப் அடித்து லேமினேஷன் போட்டது. எனக்கு வில்சன் நோய் உள்ளது, நான் குடிக்கவில்லை என்று. போலீஸ் நிறுத்தினால் காட்ட. நல்ல யோசனைதான், இதுமாதிரி நோயாளிகள் பல நாடுகளில் அட்டை வைத்துக்கொள்கிறார்கள். சின்னா வாங்கிப் பார்த்துவிட்டு, நோய் பேர் இருக்கட்டும், இரண்டாவது வரி வேண்டாம் என்றான். ஏன்டா என்றதற்கு என்னைப் பார்த்துச் சொன்னான்: "ணா, அதே தடுப்பாண்டை எங்கப்பாவ செருப்பால அட்ச்சாங்க. நான் அப்ப எட்டாவது. அவரு குடிச்சிருந்தாரு. நான் குடிக்கல சார்னு அட்டையக் காட்னா, அப்ப அவர அட்ச்சது நாயம்னு நானே எழுதிக் கொடுத்தா மாதிரி ஆவாதா?" சித்தி ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கி உள்ளே வைத்தார். இரண்டாவது வரி இல்லாமல் புது அட்டை போட்டது நான்தான். அவன் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. ராத்திரி பத்து மணிக்கு ரோட்டில் நிற்கும்போது நியாயத்தைவிட முதுகு முக்கியம் என்று நினைக்கிறவன் நான். அவன் முதுகு, அவன் முடிவு.

அப்பன் வழி என்று சொன்னார்களே, அதில் ஒரு பாதி உண்மை. இந்த நோய் வர அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான மரபணு சேர வேண்டும். ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சுமார் 90 பேரில் ஒருவர் அப்படி இருக்கிறார்கள் என்று கணக்கு. தாய்மாமனும் அக்கா மகளும் தங்கள் மரபணுக்களில் கால்வாசியைப் பகிர்ந்துகொள்கிறார்கள், அத்தை மாமன் பிள்ளைகள் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் இன்னமும் நாலில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள்தான். டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கியபோது சித்தி முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் எல்லாப் பழியையும் புருஷன் தலையில் போட்டுவிட்டு இருந்தவர். இப்போது சரிபாதி தன்னுடையது. கல்யாணம் முடிவு செய்தது அவர் இல்லை, பதினெட்டு வயதில் அவரை யார் கேட்டார்கள் என்று நாங்கள் சொன்னாலும், அது போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

தங்கச்சி

கூடப்பிறந்தவர்களுக்கு வர நாலில் ஒரு வாய்ப்பு. அதனால் கட்டாயம் பார்க்கச் சொன்னார்கள். சின்னாவின் தங்கச்சிக்கு ஒரு குறையும் இல்லை, பி.காம். முடித்து வேலைக்குப் போகிறாள், கை ஸ்திரமாக இருக்கிறது, கண்ணில் வளையம் இல்லை. ஆனால் ரத்தத்தில் செம்பைச் சுமக்கிற செருலோபிளாஸ்மின் என்ற புரதம் குறைவு, சிறுநீரில் செம்பு அதிகம். மரபணுப் பரிசோதனையும் செய்து உறுதியாயிற்று, அவளுக்கும் இருக்கிறது. இப்போதே மருந்து ஆரம்பித்து ஒழுங்காகச் சாப்பிட்டால் அண்ணன் பட்ட எதையும் அவள் படாமலே முழு ஆயுசும் வாழ முடியும். துளி வலிகூட இல்லாதவளை ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் சாப்பிடுகிறாள். அண்ணனைப் பார்த்தவள் என்பதால்.

சிக்கல் கல்யாணத்தில். சித்தி, சொல்லவே வேண்டாம், சத்து மாத்திரை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். என் அம்மாவும் அதே கட்சி. அத்தை ஒருவர், நம் சொந்தத்திலேயே கொடுத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றார், அவர் பையனுக்கே கேட்டார். மாமாக்களும் அத்தைகளும் கூடி உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டியவள் அவள்தான். அவளிடமிருந்து குழந்தைக்கு ஒரு பழுது எப்படியும் போகும். அசலில் கட்டினால், அந்தப் பையனுக்கும் ஒன்று இருந்து அது குழந்தைக்குப் போக வாய்ப்பு 180இல் ஒன்று. சொந்தத்தில் கட்டினால் அது பல மடங்கு. மாப்பிள்ளைக்கும் பரிசோதனை செய்துகொண்டால் இன்னும் தெளிவு. கர்ப்பமானாலும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, டாக்டர் அளவைப் பார்த்துக்கொள்வார். எல்லாம் ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். அந்த அத்தை அதற்கப்புறம் பேசவில்லை.

தைப் பொங்கலுக்கு முன்னால் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது, அசல்தான். அவளே மாப்பிள்ளையிடம் போனில் விஷயத்தைச் சொல்லி, அண்ணனின் ஃபைலையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா சித்திக்கு போன் செய்து, ஒட்டுமா என்று ஒரு கேள்வி, நண்டு ஆக்கவாவது ஆக்குவாளா என்று ஒரு கேள்வி கேட்டார். ஒட்டாது, ஆக்குவாள், தின்ன மாட்டாள் என்று சித்தி சொன்னார். ஜோசியரிடம் ஒரு தடவை, டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். டாக்டரிடம் அடுத்த வாரமே நேரம் கிடைத்துவிட்டது, ஜோசியர்தான் தை முடியும்வரை பிஸியாம்.